ஒரு வாரம் அரசாங்கம் செக் பண்ணும், அடுத்த வாரம் கம்பெனியே செக் பண்ணிக்கும்! போயிங் மேக்ஸ் விமானத்தை நம்பி ஏறலாமா?

வணக்கம் மக்களே! 2018 கடைசியில, முதல் மேக்ஸ் விமானம் விழுந்ததுக்கு அப்புறம், அமெரிக்காவோட விமானப் பாதுகாப்பு அமைப்பு எஃப்ஏஏ, உள்ளுக்குள்ளயே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தாங்க. போயிங் 737 மேக்ஸ்ல இருக்கிற ஒரு கோளாறை சரி பண்ணாம விட்டா, இந்த மாடல் சர்வீஸ்ல இருக்கிற காலம் முழுக்க சேர்த்து சுமார் 15 விமானம் விழலாம்னு விடை வந்துச்சு. சாஃப்ட்வேரை மாத்துற வரைக்கும் பைலட்டுங்களுக்கு ஒரு எச்சரிக்கை குடுத்தா போதும்னு முடிவு பண்ணி பறக்க விட்டுட்டாங்க. அடுத்தது விழறதுக்கு நாலு மாசம் கூட ஆகல. இந்தக் கணக்கே ஒரு வருஷம் கழிச்சு, 2019 டிசம்பர்ல அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை நடந்தப்போதான் மக்களுக்குத் தெரிய வந்துச்சு.

கதை தெரியாதவங்களுக்கு வேகமா சொல்லிடறேன். 2018 அக்டோபர் 29, ஜகார்த்தாவுல கிளம்பின லயன் ஏர், 189 பேர். 2019 மார்ச் 10, அடிஸ் அபாபாவுல கிளம்பின எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ், 157 பேர். ரெண்டும் மேக்ஸ், ஒருத்தரும் பிழைக்கல.

காரணம் எம்காஸ்னு ஒரு சாஃப்ட்வேர், மூக்கு ரொம்ப தூக்கிடுச்சுன்னு தெரிஞ்சா தானாவே கீழ அழுத்தும். விமானத்தோட மூக்குப் பக்கத்துல ரெண்டு சைடுலயும் ஒரு குட்டித் தகடு இருக்கும், காத்துக்கு ஏத்த மாதிரி திரும்பி, மூக்கு எவ்வளவு தூக்கியிருக்குன்னு சொல்லும். ரெண்டு தகடு இருந்தும் எம்காஸ் அப்போ ஒண்ணு சொல்றதை மட்டும்தான் கேட்டுச்சு! லயன் ஏர்ல இடது பக்கம் ஒண்ணு சொல்லுது, வலது பக்கம் ஒண்ணு சொல்லுது, நடுவுல 21 டிகிரி வித்தியாசம். எம்காஸ் தப்பானதை நம்பி மூக்கைக் கீழ அழுத்துது, கேப்டன் மேல தூக்குறாரு, திரும்ப அழுத்துது, திரும்ப தூக்குறாரு, இப்படியே 20 தடவைக்கு மேல. எம்காஸ்னு ஒண்ணு இருக்குன்னே அவருக்குத் தெரியாது, ஏன்னா பைலட் மேனுவல்லயே அது இல்ல.

சரி, இதையெல்லாம் செக் பண்ணி ஓகே சொன்னது யாரு? இங்கதான் எனக்கு வயிறு எரியுது. எஃப்ஏஏகிட்ட எல்லாத்தையும் பார்க்க ஆள் பத்தாது, அதனால செக் பண்ற வேலையில பெரும்பகுதிய போயிங் ஆட்கள்கிட்டயே ஒப்படைச்சுடறாங்க. அவங்க எஃப்ஏஏ சார்பா கையெழுத்து போடுவாங்க, சம்பளம் போயிங் குடுக்கும். நம்மூர்ல லாரிக்கு எஃப்சி பார்க்கிற இன்ஸ்பெக்டருக்கு லாரி ஓனரே சம்பளம் குடுத்தா ஒத்துப்போமா?

எத்தியோப்பியா விபத்துக்கு அப்புறம் நடந்த அந்த மூணு நாள்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த மொத்தக் கதையிலயே முக்கியமான இடம். மார்ச் 11, சீனா மேக்ஸை நிறுத்துது, அதே நாள் எஃப்ஏஏ பறக்கத் தகுதியானதுதான்னு நோட்டீஸ் விடுது. 12ஆம் தேதி ஐரோப்பா நிறுத்துது, அன்னிக்கு ராத்திரி நம்ம நாட்டு விமானக் கண்காணிப்பு அமைப்பு டிஜிசிஏவும் நிறுத்துது. 13ஆம் தேதி கனடாவும் நிறுத்தினப்புறம்தான் அமெரிக்கா நிறுத்துச்சு. இதே எஃப்ஏஏதான் 2014 ஜனவரில இந்தியாவோட விமானக் கண்காணிப்பு சரியில்ல, தகுதியான இன்ஸ்பெக்டர்கள் பத்தலன்னு நம்மள ரெண்டாம் கேட்டகரிக்கு இறக்குனாங்க, 2015 ஏப்ரல்லதான் திரும்ப ஏத்துனாங்க. அப்போ அவங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சு, நாமளும் ஆள் எடுத்து சரி பண்ணோம். 2019 மார்ச் வரைக்கும் எஃப்ஏஏ ஓகேன்னா உலகமே ஓகேன்னு நம்பிட்டு இருந்துச்சு மக்களே, அந்த நம்பிக்கை மூணே நாள்ல போயிடுச்சு.

20 மாசம் தரையில நின்னப்புறம் 2020 நவம்பர்ல மேக்ஸுக்குத் திரும்பப் பறக்க அனுமதி கிடைச்சுச்சு, அதுக்கு முன்னாடி அப்போதைய எஃப்ஏஏ தலைவர் ஸ்டீவ் டிக்சன் தானே ஓட்டிப் பார்த்தாரு. அது எனக்குப் பிடிச்ச விஷயம், மனசார சொல்றேன். ஆனா 2024 ஜனவரி 5, அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ், போர்ட்லேண்ட்ல ஏறி சுமார் 16,000 அடியில போயிட்டு இருக்கும்போது பக்கவாட்டுல கதவு வைக்காம விட்ட ஓட்டையை அடைச்சிருந்த தடுப்பு பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. அதைப் பிடிச்சு நிறுத்த வேண்டிய நாலு போல்ட்டு, ஃபேக்டரில கழட்டினப்புறம் திரும்ப மாட்டவே இல்ல! பக்கத்து ரெண்டு சீட்டும் காலியா இருந்ததால யாரும் சாகல. அதுக்கப்புறம் ஜனங்க கயாக் சைட்ல மேக்ஸ் வேணாம்னு ஃபில்டர் போட்டு டிக்கெட் தேட ஆரம்பிச்சாங்க. அரசாங்கம் பார்த்துக்கும்னு நம்பினவங்க, தானே செக் பண்ணிக்க வேண்டிய நிலைமைக்கு வந்துட்டாங்க.

எஃப்ஏஏ 2024ல மாசத்துக்கு 38 மேக்ஸ்தான் செய்யணும்னு கட்டுப்பாடு போட்டுச்சு, ஃபேக்டரிக்குள்ள ஆளை அனுப்புச்சு, அது நல்லது. ஆனா தயாராகி வெளிய வர்ற ஒவ்வொரு விமானத்துக்கும் குடுக்கிற சர்டிஃபிகேட் இருக்கே, மேக்ஸ் விஷயத்துல அந்த அதிகாரத்தை 2019ல போயிங்கிட்ட இருந்து பிடுங்குனாங்க இல்ல, அதை 2025 செப்டம்பர் கடைசியில பாதி திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒரு வாரம் எஃப்ஏஏ குடுக்கும், அடுத்த வாரம் போயிங்கே குடுத்துக்கும். இது சரியா தப்பா, நீங்க எந்த வாரத்து விமானத்துல ஏறுவீங்க? கமெண்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன்.