ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் புரோக்கர் யாருடைய ஆள்?

பல்லடத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பழைய வீடு பார்த்தோம். புரோக்கர் எங்களிடம் 2 சதவீதம் கேட்கிறார். விற்கிறவரிடமும் வாங்குகிறாராம். அப்படியானால் எங்களுக்கு அவர் என்னதான் செய்யணும்?"

சரியான கேள்விங்க. நீங்கள் வாங்குவது புது லேஅவுட்டில் சைட்டு, இல்லை கட்டிக்கொண்டிருக்கிற அபார்ட்மெண்ட் என்றால் 2016 ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதில் 10ஆவது பிரிவே ஏஜெண்டுக்குத்தான். ரெராவில் பதிய வேண்டிய புராஜெக்டைப் பதியாமல் விற்றுத் தரக் கூடாது, இல்லாத வசதியைச் சொல்லக் கூடாது, புக்கிங் போடும்போதே உங்களுக்குச் சேர வேண்டிய ஆவணங்களைக் கைக்கு வரவைக்க வேண்டும். மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது ஏறி ஏறி சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகலாம்.

உங்களுடையது தனி ஆள் விற்கிற பழைய வீடு. அங்கே ரெரா வராது, 1872 ஒப்பந்தச் சட்டம்தான். புரோக்கரை வேலைக்கு வைத்தது யார் என்பதுதான் அதற்கு முக்கியம். விற்கிறவர் வைத்த ஆள் என்றால் அவருக்கு நல்ல விலை வாங்கிக் கொடுப்பதுதான் வேலை. உங்களிடம் பொய் சொல்லி ஏமாற்றக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் வைத்த ஆள் என்றால் கேட்டதும் கணக்குக் காட்ட வேண்டும், உங்களுக்குத் தெரியாமல் லாபம் பார்க்கக் கூடாது. 216ஆவது பிரிவில் ஒரு உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டை வாங்கித் தரச் சொல்கிறீர்கள். ஏஜெண்ட் "அது கிடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே வாங்கிக்கொள்கிறார். தெரிய வந்தால், அவர் வாங்கின விலைக்கே உங்களுக்கு விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம். நம்ம ஊரில் ஓனரிடம் ஒரு விலை, நம்மிடம் ஒரு விலை என்று நடுவில் மேல் வைக்கிறார்களே, அதற்கும் இதே பிரிவுதான் பேசும்.

ரெண்டு பக்கமும் வாங்குவதைச் சொல்லிவிட்டு வாங்கினால் பெரிய தப்பில்லை. மறைத்தால்தான் வில்லங்கம். அதனால் அட்வான்ஸுக்கு முன்னாடியே, யாருக்காக வேலை செய்கிறார், யாரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

அப்புறம், ஓனரை நேரில் பார்த்து விலை கேளுங்கள். "ஓனர் வெளியூருங்க, பவர் எங்கிட்டதான் இருக்கு" என்றால், அதாவது ஓனருக்குப் பதிலாக விற்கிற அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்றால், அந்தப் பவர் பத்திர நகலை வாங்கிச் சரிபாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்திருந்தால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது.