பூங்காவில் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். நடனத்தைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறேன். பந்தியில் உட்காரவைத்துவிட்டு, பாயசம் எப்படி இருக்கும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது போன்ற காரியம்தான். ஆனால் 1936-ல் அமெரிக்காவில் ஒரு மனிதர் இதைவிடத் துணிச்சலான வேலையைச் செய்தார். வாராவாரம் வானொலி நிலையத்துக்குப் போய், ஒலிவாங்கியின் முன்னால் ஆடினார். காலணியின் அடியில் உலோகத் தகடு. தரையில் அவர் தட்டுகிற தாளத்தை மக்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் பெயர் ஃபிரெட் அஸ்டேர்.

இன்று நான் பேசப்போவது அவர் நடித்த ‘தி பேண்ட் வேகன்’ என்கிற படம். 1953-ல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்தது. இயக்கியவர் வின்சென்ட் மின்னெல்லி. பாட்டும் ஆட்டமும் சிரிப்பும் கலந்த வண்ணப்படம். அதில் கதாநாயகனும் கதாநாயகியும் பொருந்தாத ஜோடி. அந்தப் பொருத்தமின்மையைப் படம் எப்படிக் கையாள்கிறது என்பதுதான் பல ஆண்டுகளாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. என் தங்கை நல்ல உயரம். அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஆனால் அவளைவிட இரண்டு விரற்கடை குறைவு. வரவேற்பு மேடையில் புகைப்படக்காரர் கேமராவை வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தார். கல்யாண மண்டபத்துக்குள் போய், காலையில் தாலி கட்டும்போது உட்கார்ந்த மணையைத் தூக்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் காலடியில் போட்டார். “ஏறி நில்லுங்கள், படத்தில் கால் தெரியாது” என்றார். மாப்பிள்ளையும் ஏறி நின்றார். பரிசு கொடுக்க வந்தவர்கள் வரிசையாக வந்து கைகுலுக்கும்போதெல்லாம் மணை ஆடும். அவர் தங்கையின் தோளைப் பிடித்துக்கொள்வார். ஆல்பத்தில் பார்த்தால் இருவரும் மிகுந்த அன்னியோன்னியமாகத் தெரிவார்கள். காரணம் மணை என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும்.

சினிமா உலகமும் இந்தப் புகைப்படக்காரரைப் போலத்தான். நாயகன் குள்ளமாக இருந்தால் பலகை, நாயகி நெடுநெடுவென்று இருந்தால் தட்டைச் செருப்பு, வயது கூடினால் விளக்கை மாற்று. ‘தி பேண்ட் வேகன்’ அந்த மணையை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிடுகிறது.

கதை இதுதான். டோனி ஹண்டர் என்று ஒரு பழைய ஆட்டக்கார நடிகர். அவருடைய காலம் முடிந்துவிட்டது. படம் தொடங்கும்போதே ஏலம் நடக்கிறது. அவர் படங்களில் அணிந்த பட்டுத் தொப்பியும் கைத்தடியும் ஏலத்துக்கு வருகின்றன. ஏலம் போடுகிறவர் ஐந்து டாலரில் தொடங்கி இறங்கி இறங்கி அரை டாலருக்கு வந்துவிடுகிறார். கேட்க ஆளில்லை. அந்தத் தொப்பியும் தடியும் யாருடைய அடையாளம்? அஸ்டேருடைய அடையாளம். 1946-ல் அவரே திரையுலகிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்து, இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர். கதை வசனம் எழுதிய பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் அவரையே அவருக்கு வேடமாகக் கொடுத்துவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதரிடம் போய், ‘காலம் முடிந்துபோன ஆட்டக்காரன் வேடம் இருக்கிறது, நடிக்கிறீர்களா?’ என்று கேட்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். அவர் சரி என்றார். அதுவும் பெரிய மனசுதான்.

நாயகியின் பெயர் கேபி. டோனியுடன் ஒரு புது மேடை நாடகத்தில் ஆட வருகிறவள். பாலே என்கிற ஐரோப்பிய நாட்டியம் ஆடுகிறவள். நடித்தவர் சிட் சாரிஸ். அவரும் நிஜத்தில் பாலே பயின்றவர். டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, உடம்பு தேற வேண்டும் என்பதற்காக நாட்டியத்தில் சேர்க்கப்பட்ட பெண். அப்படித் தேறிய கால்களைத்தான் பிற்பாடு ஹாலிவுட் முழுவதும் கொண்டாடியது. அஸ்டேர் பிறந்தது 1899, இவர் 1922. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இருபத்து மூன்று வயது வித்தியாசம். அவர் இசை நாடக மேடையில் தட்டி ஆடி வளர்ந்தவர். இவர் நுனிக்காலில் நின்று வளர்ந்தவர். இதற்கு மேல் உயரம் வேறு.

உயரம்தான் டோனியை அரிக்கிறது. ‘அந்தப் பெண் கொஞ்சம் உயரமோ?’ என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்கிறார். அவள் எதிரில் வந்து நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டிய மனிதர், குதிகால் எவ்வளவு உயரம் என்று காலைப் பார்க்கிறார். அவளோ மரியாதையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ‘சிறுமியாக இருந்தபோது உங்கள் படங்களையெல்லாம் பார்த்திருக்கிறேன், அண்மையில்கூட அருங்காட்சியகத்தில் போட்டார்கள்’ என்கிறாள். அருங்காட்சியகத்தில்! நம் ஊர்களில் இதே பாராட்டு வேறு உருவத்தில் வரும். ‘சார், எங்கள் பாட்டி உங்கள் பரம ரசிகை’ என்பார்கள். வாங்கிக்கொண்டவருக்குத்தான் தெரியும் அந்த வலி.

அவளுக்கும் அவரைக் கண்டு பயம் என்பது அவருக்குத் தெரியாது. நான் எங்கே, இத்தனை பெரிய மனிதர் எங்கே என்று அவளுக்குள் நடுக்கம். ஒத்திகையில் மோதல் முற்றி அவர் வெளியேறிவிடுகிறார். சமாதானம் சொல்ல அவர் தங்கியிருக்கும் விடுதிக்கு அவள் போகிறாள். அங்கேயும் சண்டை, அழுகை. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் மிச்சமாகிறது. நம் இருவராலும் சேர்ந்து ஆட முடியுமா, முடியாதா? இதைக் கண்டுபிடிக்க இருவரும் ஒரு குதிரை வண்டியில் ஏறி நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்குப் போகிறார்கள். (கலிபோர்னியாவில் ஸ்டூடியோவுக்குள் போட்ட பூங்காதான். அதனால் என்ன!)

இப்போது வரப்போகிற மூன்று நிமிடத்துக்காகத்தான் இத்தனை நேரம் உங்களை உட்காரவைத்தேன். வண்டியிலிருந்து இறங்குகிறார்கள். அவளுக்கு வெள்ளை உடை, தட்டையான செருப்பு. வழியில் ஓரிடத்தில் இசைக்கு மக்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். இவர்கள் அந்தக் கூட்டத்தின் ஊடே நடந்துபோகிறார்கள். ஆடவில்லை, நடக்கிறார்கள். அப்பால் மரங்களுக்கு நடுவே யாருமில்லாத ஒரு வெளி. அங்கேயும் நடக்கிறார்கள். ஒரு வார்த்தை இல்லை. நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சின்னச் சுழற்சி. அதற்கு மற்றவரிடமிருந்து ஒரு பதில். மறுபடி நடை. எந்த நொடியில் நடை முடிந்து ஆட்டம் தொடங்கியது என்று நான் எத்தனையோ முறை பார்த்தும் என்னால் விரல் வைத்துச் சொல்ல முடிந்ததில்லை.

‘டான்சிங் இன் தி டார்க்’ என்கிற பாட்டின் மெட்டுதான் பின்னணியில் ஒலிக்கிறது. 1931-ல் ‘தி பேண்ட் வேகன்’ என்று படத்தின் பெயரிலேயே, நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் நடந்த ஒரு மேடை நிகழ்ச்சியில் வந்த பாட்டு அது. அந்த மேடையில் அஸ்டேர் தம் அக்கா அடேலுடன் ஆடினார். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடிய கடைசி நிகழ்ச்சியும் அதுதான். படத்தில் இந்த இடத்தில் யாரும் பாடவில்லை. மெட்டு மட்டும்.

ஒருமுறை நாங்கள் நடத்திய திரைப்படச் சங்கத்தில் இந்தப் படத்தைப் போட்டோம். சரியாக இந்தக் காட்சி வரும்போது ஒலி நின்றுவிட்டது. வழக்கமாக இப்படி நேர்ந்தால் விசில் பறக்கும், நாற்காலி தட்டும் சத்தம் வரும். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. படச்சுருள் ஓடும் கிர்ர் சத்தத்தில் அந்த இருவரும் ஆடி முடித்து, அதே கால்தாளத்தில் வண்டியில் ஏறி அமரும்வரை பார்த்தோம். முன்வரிசையில் என் தங்கையும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி, “பாருங்கள், மணை போடவில்லை” என்றார்.

நான் சொல்ல வருவது இதுதான். அஸ்டேர் வளரவில்லை, சிட் சாரிஸ் குறுகவில்லை. கேமராவும் தலையிலிருந்து கால்வரை இருவரையும் முழு உருவமாகவே காட்டுகிறது; மறைக்க இடமில்லை. உயரம் அப்படியே இருக்கிறது, வயது அப்படியே இருக்கிறது. இருவரும் ஒத்து நடக்கிறார்கள், அவ்வளவுதான். நெட்டையும் குட்டையும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போகும்போது பாருங்கள். முதல் பத்து அடிக்கு ஒருவர் முன்னால் போவார், இன்னொருவர் ஓடுவார். தெருமுனைக்குள் யாரும் யாரிடமும் சொல்லாமலே ஒருவர் எட்டைக் குறைத்திருப்பார், மற்றவர் கூட்டியிருப்பார். தமிழில் எழுத்தாளனின் பாணிக்கும் ‘நடை’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். மின்னெல்லிக்கும் நடனம் அமைத்த மைக்கேல் கிட்டுக்கும் தமிழ் தெரியாது. ஆனால் நடையில்தான் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

சிட் சாரிஸ் பிற்காலத்தில் வேடிக்கையாக ஒன்று சொல்வார். ஜீன் கெல்லி என்கிற இன்னொரு ஆட்டக்கார நடிகருடன் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனால் உடம்பெல்லாம் கன்றிப் போயிருக்குமாம். அஸ்டேருடன் ஆடினால் ஒரு தழும்பும் இருக்காதாம். அன்றைக்கு யாருடன் ஆட்டம் என்பதைக் கணவர் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாராம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். படத்தின் கடைசியில் வரும் துப்பறியும் நாட்டியத்தைப் பற்றித் தனியாகக் குறிப்பு எடுத்து வந்தேன். சிவப்பு உடையில் சிட் சாரிஸ் வருவார், அஸ்டேர் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு துப்பறிவார். அது இன்றைக்கு இல்லை. ஜாக் புக்கானன் நடித்த மேதாவி இயக்குநர் ஒரு கலகலப்பான நாடகத்தை சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற ஃபாஸ்டின் கதையாக மாற்றிக் கவிழ்க்கிற கூத்தும் போயிற்று. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அஸ்டேர், புக்கானன், நானெட் ஃபேப்ரே மூவரும் கைக்குழந்தைகளாக வந்து ஆடுகிற ஒரு பாட்டு இருக்கிறது. முழங்காலில் குட்டிக் காலணிகளைக் கட்டிக்கொண்டு முழங்காலிலேயே ஆடினார்கள். அந்தப் பாட்டில் மூவரும் ஒரே உயரம். வணக்கம்.