குறைய ஓடின பழைய காருக்கு ரைமிங் பெல்ற் எப்ப மாத்த வேணும்?

[திரை: மீற்றர் கிட்டத்தில், 61,400 கிலோமீற்றர். அடுத்து பதிவுப் புத்தகம், தயாரிப்பு ஆண்டு 1998.]

குரல்: கார் விக்கிறவர் முதல் காட்டுறது இந்த மீற்றரைத்தான். "ஓடவே இல்லை, வீட்டிலயே நிண்ட வாகனம்." யாழ்ப்பாணத்தில அது உண்மையாயும் இருக்கலாம். சொந்தக்காரர் கனடாவிலயோ லண்டனிலயோ இருப்பினம். கார் போர்ட்டிக்கோவுக்குள்ள நிக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கைதான் திறப்புப் போடுவினம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. இடையில இப்பிடியான கார்களுக்கு நல்ல கிராக்கி. பொடி பாத்தினம், பெயின்ற் பாத்தினம், ஏசி பாத்தினம். எஞ்சினின்ர முன்கவருக்குள்ள இருக்கிற ரப்பர் பட்டிக்கு, அதுதான் ரைமிங் பெல்ற்றுக்கு, எத்தினை வயசு எண்டு கேட்டவை குறைவு.

கேட்டாலும் வாற மறுமொழி ஒண்டுதான்: "பெல்ற் ஒரு லட்சத்துக்கெல்லோ, இன்னும் நாப்பதாயிரம் கிடக்கு."

உற்பத்தியாளர் குடுக்கிற அட்டவணையில கிலோமீற்றரும் இருக்கும், கன இடத்தில வருசமும் இருக்கும். எது முந்தி வருதோ அதுதான் கணக்கு. குறைய ஓடின காருக்கு வருசம்தான் முந்தும்.

[திரை: கவர் கழட்டின எஞ்சின். கீழே கிராங்க் பல்சக்கரம், மேலே கேம் பல்சக்கரம்.]

பிஸ்ரன் சுத்துறது கிராங்க் சாப்ற்றை, வால்வுகளைத் திறக்கிறது கேம் சாப்ற். கிராங்க் சாப்ற் ரெண்டு சுத்துக்கு கேம் சாப்ற் ஒரு சுத்து. அந்தக் கணக்கைப் பிடிச்சு வைச்சிருக்கிறது இந்தப் பெல்ற். எஞ்சின் நிமிசத்துக்கு 3,000 சுத்தில ஓடேக்கை கேம் 1,500 சுத்து. அதாவது ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 தரம் திறந்து மூடுது. பெல்ற்றின்ர உள்ளுக்கு கண்ணாடி நார், வெளியில செயற்கை ரப்பர், பல்லுப் பக்கத்தில நைலோன் துணி. ஓட ஓடத் தேயிறது பல்லும் துணியும். ரப்பர் ஓடாமலே கிழடாகும்: சூடு, காத்தில இருக்கிற ஓசோன், ஒழுகிற ஓயில் மூண்டும் அதுக்கு எதிரி.

நிண்ட வாகனத்துக்கு இன்னொரு கரைச்சல் இருக்கு. பெல்ற் ஆகக் கூட வளையிறது கிராங்கின்ர சின்னப் பல்சக்கரத்தில. பத்து மாசம் அசையாமல் நிண்டா அந்த வளைவு அப்பிடியே பதிஞ்சுபோகும். பிறகு ஸ்ராற் பண்ணேக்கை, நிண்ட கேம் சாப்ற்றை ஒரே இழுவையில இழுக்கிறதும் அதே இடத்துப் பல்லுத்தான். பெல்ற்றை இறுக்கி வைச்சிருக்கிற ரென்சனர் பெயாரிங்குக்குள்ள இருக்கிற கிறீசும் காய்ஞ்சிருக்கும். பல்லு உரிஞ்சு போறது கனதரம் ஸ்ராற் பண்ணேக்கை நடக்கிறது இதாலதான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருந்து ரவுணுக்கும் திரும்பவும் மட்டும் ஓடின காரெண்டா கணக்கு வேற. சராசரி மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில 40,000 ஓட எஞ்சின் 2,000 மணித்தியாலம் சுத்தியிருக்கு. ஏ9 றோட்டில 60 வேகத்தில அதே 2,000 மணித்தியாலம் ஓடினா மீற்றர் 120,000 காட்டும். ஏசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசல்ல நிண்ட நேரம் மீற்றரில ஏறவே ஏறாது.

சில ரொயோற்றா டீசல் வாகனங்களில டாஷ்போட்டில பெல்ற் லைற் ஒண்டு எரியும். அதுவும் கிலோமீற்றரை மட்டும்தான் எண்ணும்.

[திரை: பிளாஸ்ரிக் கவர் ஒரு பக்கம், அலுமினியக் கவர் மறு பக்கம்.]

முதல்ல உங்கட காருக்கு பெல்ற்றோ செயினோ எண்டு பாருங்கோ. எஞ்சின் ஓரத்தில பிளாஸ்ரிக் கவர், சின்னச் சின்ன போல்ற் எண்டா அநேகமா பெல்ற். ஓயில் ஒழுகாமல் சீல் பண்ணின அலுமினியக் கவர் எண்டா செயின். கொறொல்லா 100, 110 மொடல் பெற்றோல் எஞ்சின் பெல்ற். 121 பெற்றோல் செயின். பழைய 800 சிசி அல்ற்றோ பெல்ற், கே10 செயின். சிவிக் ஈகே, லான்சர் சீகே பெல்ற். சணி எஃப்பி14, எஃப்பி15 பெற்றோல் செயின். ரொயோற்றா டொல்பின் வானும் கேடிஎச் வான் டீசலும் பெல்ற். சண்டை நேரம் மண்ணெண்ணெயில ஓடின ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் செயின். அவைக்கு இந்தக் கவலையே இல்லை.

அடுத்த கேள்விதான் முக்கியம். பெல்ற் அறுந்தா வால்வு பிஸ்ரனில முட்டுமோ, முட்டாதோ?

கொறொல்லாவில வாற 4ஏ-எஃப்ஈ, 5ஏ-எஃப்ஈ ரெண்டும் முட்டாத எஞ்சின். அறுந்தா கார் நிக்கும், புதுப் பெல்ற் போட்டா திரும்ப ஓடும். அதுக்காக அறுமட்டும் விடலாம் எண்டில்லை. முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் நடுவில இரவு எஞ்சின் நிண்டா, பவர் ஸ்ரியரிங்கும் போயிடும், ரெண்டு மூண்டு மிதிக்குப் பிறகு பிறேக்கும் கல்லு மாதிரி இறுகிடும்.

சிவிக்கில வாற டி15பி முட்டுற எஞ்சின். டீசல் எண்டா யோசிக்கவே வேண்டாம், எல்லாம் முட்டும்: ரொயோற்றா 2சி, 3எல், கேடிஎச் வானின்ர 1கேடி. அறுந்த அந்த ஒரு செக்கனில வால்வு வளையும், எஞ்சினின்ர தலை (சிலிண்டர் ஹெட்) கழட்ட வேண்டிவரும். எந்த எஞ்சின் எண்டு நிச்சயம் தெரியாட்டி முட்டுற வகை எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ.

ஓடிக்கொண்டிருக்கேக்கை எஞ்சின் சடாரெண்டு நிண்டு, திரும்ப ஸ்ராற் பண்ண வழமையைவிட லேசா, வேகமா சுத்துற சத்தம் கேட்டா திறப்பை விட்டிடுங்கோ. "இன்னொருக்கா அடிச்சுப் பாப்பம்" எண்டு அடிக்கிற ஒவ்வொரு தரமும் மிஞ்சின வால்வையும் முட்ட வைக்கும். கட்டி இழுத்துக்கொண்டு போறதுதான் மலிவு.

[திரை: மேல்கவர் கழட்டுதல், ரோச், சின்னக் கண்ணாடி.]

மேல்கவர் அநேகமா சில 10 மில்லிமீற்றர் போல்ற்றிலதான் நிக்கும். சில எஞ்சினில வால்வ் கவரையும் எடுக்க வேணும். பிளக் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, கிராங்க் போல்ற்றில சொக்கெற் போட்டு, எஞ்சின் ஓடுற திசையில மட்டும் கையால சுத்துங்கோ. கன எஞ்சினுக்கு அது மணிக்கூட்டுத் திசை. ஹொண்டா டி வகை எதிர்த்திசை. இஞ்சைதான் கன பேர் பிழை விடுறது.

பல்லின்ர அடியில வெடிப்பு இருக்கோ பாருங்கோ. ஓரத்தில நூல் பிரிஞ்சிருக்கோ, முதுகு கண்ணாடி மாதிரி மினுங்குதோ, ஓயில் ஊறியிருக்கோ பாருங்கோ. இதில எது இருந்தாலும் வருசக்கணக்குப் பாக்கத் தேவையில்லை, மாத்திறதுதான். ஓயில் ஊறியிருந்தா கேம் சீலோ கிராங்க் சீலோ (ஓயிலை வெளியில விடாத ரப்பர் வளையம்) ஒழுகுது. அதை விட்டுட்டு பெல்ற்றை மட்டும் மாத்தினா புதுசும் ஊறிப்போகும்.

ஒண்டும் தெரியாட்டி? அதை நம்பேலாது. பிற்காலத்து ரப்பர் வெடிக்காமலே பலம் இழக்கும். நாரும் உள்ளுக்கு இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. பெல்ற் பாக்க வடிவா இருக்கெண்டு ஆயுளைக் கூட்டாதேங்கோ.

எங்கட கணக்கு இது. போட்ட திகதி எழுத்தில இருந்து, ஐஞ்சு வருசத்துக்கு உள்ள எண்டா பாத்துப்போட்டு ஓடலாம். ஐஞ்சு தாண்டி ஏழுக்கு உள்ள எண்டா சீல், ரென்சனர், சத்தம் கவனிச்சு, அடுத்த பெரிய சேர்விசோட மாத்துங்கோ. ஏழு தாண்டினா, முட்டுற எஞ்சினுக்கு உடன. முட்டாததுக்கு கொழும்புப் பயணத்துக்கு முதல். பத்து தாண்டினா எந்த எஞ்சினும் ஒண்டுதான், உடன மாத்த வேணும். உங்கட கையேடு இதைவிடக் குறைஞ்ச காலம் சொன்னா கையேட்டைத்தான் கேக்க வேணும். திகதியே தெரியாட்டி, கார் செய்த வருசத்தில போட்ட பெல்ற் எண்டு எடுங்கோ. "போன முதலாளி மாத்தினவராம்" எண்ட கதை பில் இல்லாமல் செல்லாது. ஜப்பானில மாத்தினதெண்டா பொனற்றுக்குள்ளயோ ரைமிங் கவரிலயோ ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும்; திகதியும் கிலோமீற்றரும் எழுதியிருக்கும். அதைக் கழுவித் துடைச்சு எடுத்துப்போடாதேங்கோ.

[திரை: மேசையில் பாகங்கள்.]

பெல்ற் சின்னச் சாமான். உள்ளுக்குப் போறதுதான் வேலை. கன காரில வலப்பக்க எஞ்சின் மவுன்ற் கழட்ட வேணும், ஓயில் சம்புக்குக் கீழ பலகை வைச்சு ஜக்கால தாங்க வேணும். அதால ஒரே தரத்தில ரென்சனர் பெயாரிங், அதின்ர ஸ்பிறிங், பெல்ற்றுக்கு வழிகாட்டுற ஐட்லர் உருளை, கேம் சீல், கிராங்க் சீல் எல்லாத்தையும் மாத்துங்கோ. வாட்டர் பம்பை ரைமிங் பெல்ற் சுத்தினா, டி15பி மாதிரி, பம்பும் கூலன்ற்றும் சேரும். 4ஏ, 5ஏ எஞ்சினில பம்பைச் சுத்துறது வெளிப்பெல்ற், ஒழுகாட்டி விடலாம். புதுப் பெல்ற்றைப் பழையதோட பக்கத்தில வைச்சு அகலத்தைப் பாருங்கோ, பல்லை எண்ணுங்கோ. மிற்சுபோசி, பண்டோ, கேற்ஸ் எண்டு பெட்டியில இருந்தா மட்டும் காணாது. பெல்ற்றின்ர முதுகில அச்சடிச்ச இலக்கம் தெளிவா இருக்க வேணும்.

கராச்சில நிண்டு பாக்கேக்கை ரெண்டு விசயம் கவனியுங்கோ. பெல்ற்றை மடிக்கவோ முறுக்கவோ, ஸ்குறூ டிறைவரால நெம்பி ஏத்தவோ விடாதேங்கோ. உள்ளுக்கு நார் முறிஞ்சா வெளியில தெரியாது. பூட்டினாப் பிறகு கிராங்கை கையால முழுசா ரெண்டு சுத்து சுத்தி, கேம் குறியும் கிராங்க் குறியும் திரும்பப் பொருந்துதோ எண்டு பாக்க வேணும். சுத்தேக்கை எங்கையாவது இறுக்கிப் பிடிச்சா, பலம் போடாமல் நிப்பாட்டுங்கோ. ஸ்ராற்றரால சுத்திப் பாக்கிறது அதுக்குப் பிறகுதான்.

ஸ்ராற் பண்ணினாப் பிறகு ஊளையிடுற சத்தம் வந்தா பெல்ற் கூட இறுக்கம். கவரில அடிபடுற சத்தம் எண்டா தொய்வு. ரெண்டையும் "ஓட ஓடச் சரிவரும்" எண்டு விடாதேங்கோ. கீழ்க்கவரைத் திரும்பப் பூட்டினவையோ எண்டும் குனிஞ்சு பாருங்கோ. ரெண்டு போல்ற் மிஞ்சிக் கிடக்கிறது எங்கட கராச்சுகளில புதினம் இல்லை. அந்த ஓட்டையால ஒரு சின்னக் கல்லு ஏறினாலே பல்லு போகும்.

[திரை: பொனற்றின் உள்பக்கத்தில் ஒட்டும் ஸ்ரிக்கர்.]

ஸ்ரிக்கரில திகதி, மீற்றர், மாத்தின பாகங்கள் மூண்டையும் எழுதுங்கோ. மெக்கானிக்கின்ர பில்லை பதிவுப் புத்தகத்தோட வையுங்கோ. கார் நிக்கப்போகுது எண்டா, வீட்டில இருக்கிற ஆரையாவது ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எஞ்சின் நல்லாச் சூடாகுமட்டும் ஓட்டச் சொல்லுங்கோ. கேற்றடியில நிண்டு ஐஞ்சு நிமிசம் ஸ்ராற் பண்ணி வைக்கிறது பற்றரியையும் நிரப்பாது, ஓயிலையும் சூடாக்காது.