கணினி வகுப்பும் தமிழ் வகுப்பும்

(காரைக்குடியில் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, பேராசிரியப் பெருமக்களே, கணினி அறிவியல் வகுப்பில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

"கம்ப்யூட்டர் படிக்கணும்னா இன்ஜினியரிங் போக வேண்டியதுதானே, ஆர்ட்ஸ் காலேஜ் எதுக்கு?" இந்தக் கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்கு வராமல் இருந்திருக்காது. கல்யாணப் பந்தியிலேயே கேட்கிறார்கள். பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு, "மார்க் பத்தல" என்று முனகிவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் குனிவு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நம்ம ஊரைப் பாருங்கள். வள்ளல் அழகப்பர் இங்கே கலைக் கல்லூரி தொடங்கியது 1947இல். பொறியியல் கல்லூரி வந்தது 1952இல். நடுவே 1948இல், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த மனிதர் கலையையும் அறிவியலையும் வேறு வேறு வரிசையில் உட்கார வைக்கவில்லை.

அமெரிக்காவில் 'லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்' என்று ஒரு வகைக் கல்லூரி உண்டு. சிறிய கல்லூரிகள். கணினியை முதன்மைப் பாடமாக எடுத்த பிள்ளைகூட, தன் மொத்தப் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் கணினியில் படிக்கும். மீதியெல்லாம் வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், இசை என்று போகும். அப்படியொரு கல்லூரியான வாசரில் 1928இல் கணிதமும் இயற்பியலும் படித்து முடித்தவர் கிரேஸ் ஹாப்பர். பிறகு அங்கேயே கணிதம் கற்பித்தார். கணித மாணவிகளைக் கட்டுரை எழுதச் சொல்லி, அதில் மொழியையும் திருத்தி மதிப்பெண் போட்டவர் அவர். கணக்கைப் பிறருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாவிட்டால் அதைப் படித்து என்ன பயன் என்பது அவர் கட்சி. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து கணினிப் பக்கம் வந்தார். எண்களாலேயே நிரல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், சாதாரண ஆங்கிலச் சொற்களைக் கொண்டு எழுத முடியும் என்று வாதாடி, செய்தும் காட்டினார். வங்கிகளில் பல்லாண்டு ஓடிய கோபால் (COBOL) என்ற நிரல் மொழிக்கு அவர் வேலைதான் அடித்தளம். மொழியைப் பற்றி அக்கறையாக யோசித்த ஒரு கணித ஆசிரியைக்கு அந்த எண்ணம் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சரி, நம் கல்லூரிக்கு வருவோம். உங்கள் பாடத்திட்டத்தில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில்தான் கணினி. முதல் இரண்டையும் பாஸ் ஆனால் போதும் என்று ஒதுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று தேடித் தேடிச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்துத்தான் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அப்படிப்பட்ட ஒரு நூலகத்துக்குத் தேடுபொறி எழுதச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

'கோட்டையூர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கோ, ட், டை, யூ, ர் என்று ஐந்து எழுத்து. பைத்தான் என்ற நிரல் மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் 10 என்று சொல்லும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அப்புறம் 'கோ' என்பதை ஒற்றை ஓகாரக் குறியோடும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் சேமிக்கலாம். இரண்டாவது வகையில் நீளம் 11. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு சொல். நிரல் எழுதியவர் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றாவிட்டால், தேடுகிறவருக்குப் பாதிப் புத்தகம் கிடைக்காது.

இன்னும் பாருங்கள். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வர வேண்டும். மரம், அத்து, இல் என்று பிரிக்க அத்துச் சாரியை தெரிய வேண்டும். அதைச் சொல்லித் தருவது தமிழ் வகுப்பில் புணரியல் நடத்தும் ஐயா. பழைய நூலின் முகப்பில் 'பிரமாதி வருடம்' என்று மட்டும் அச்சாகியிருக்கும். அது 1879ஆ, 1939ஆ? தமிழ் ஆண்டுகள் 60க்கு ஒருமுறை திரும்பி வரும். அச்சகம் எது, எழுத்துரு எது, உள்ளே யாரைப் பற்றிய பேச்சு என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அது வரலாற்றுத் துறையின் வேலை. ஆக ஒரு தேடுபொறிக்கு மூன்று துறை. அந்த மூன்றும் இந்த வளாகத்திலேயே, ஒரு நிமிட நடைக்குள் இருக்கின்றன.

இதனால் கணினிப் பாடத்தில் சலுகை கிடைத்துவிடாது. துணைப்பாடமாக வரும் கணிதத்தைத் தள்ளிவிடாதீர்கள். அல்காரிதமும் டேட்டா ஸ்ட்ரக்சரும் கணிதம் இல்லாமல் நிற்காது. சில பாடங்கள் இங்கே ஆழமாகக் கிடைக்காமல் போகலாம். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன, இரவில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முக்கியமாக, ரெக்கார்ட் நோட்டில் முந்தைய செட்டின் நிரலைப் பார்த்து எழுதுவது எதற்கும் உதவாது. நீங்களே தட்டச்சு செய்து, பிழை வந்து, அது எங்கே என்று தேடித் திருத்தினால்தான் கை வரும்.

இப்போது பேராசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். மூன்றாம் ஆண்டு பிராஜெக்ட் என்றால் அதே லைப்ரரி மேனேஜ்மென்ட், அதே ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட். பிராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கி, பைண்டிங் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு பிராஜெக்டுக்கும் வேறு துறையிலிருந்து இன்னொரு வழிகாட்டியும் இருக்கட்டும்.

விஷயத்துக்கா பஞ்சம்? பழைய தமிழ்க் கணக்கில் மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. இதைத் தசமமாக மாற்றிக் கணினிக்குள் போட்டால் பல எண்கள் துல்லியமாக நிற்காது, கூட்டக் கூட்டப் பிசகும். எல்லாவற்றையும் முந்திரியாக்கி முழு எண்ணாகவே வைத்தால் மாகாணி 20, மா 16, காணி 4. ஒரு பிசகும் இல்லை. பணத்தைப் பைசாவாகச் சேமிப்பது என்று மென்பொருள்காரர்கள் செய்வதும் இதேதான். வணிகவியல் மாணவரும் கணினி மாணவரும் சேர்ந்து உட்கார்ந்தால், இப்படி எழுதிய ஒரு பழைய பேரேட்டையே (லெட்ஜர்) வாசித்து ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுத்துத் தரும் நிரலை எழுதிவிடலாம்.

அதனால் ஆச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீடுகளில் கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டுக்குத் தொழில் செய்யப் போனவர்களின் பழைய பேரேடும் கணக்கு நோட்டும் இரும்புப் பெட்டியிலோ பரணிலோ கிடக்கும். அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கல்லூரி நூலகத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி நானே கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.