மாஸ்டர் மகள் போட்ட கணக்கு

நடுவர் அவர்களுக்கும், இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் வேலூர் மக்களுக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் தீர்த்துவிட்டார்கள்.

கல்லூரிப் படிப்பு சிறகா, சுமையா? நாங்கள் சிறகு அணி. நம் ஊரிசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவர் ஆகவில்லையா என்று ஆரம்பிக்கத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். எதிரணி அண்ணன் பேசியதைக் கேட்டதும் அந்தத் தாளை மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் என்ன சொன்னார்? "ஆம்பூர் பிரியாணி மாஸ்டர் எட்டாவது தாண்டவில்லை, சொந்தக் கடை வைத்திருக்கிறார். பி.இ. படித்தவன் அந்தப் பிரியாணியைப் பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறான்." நீங்கள் கைதட்டினீர்கள். நடுவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், எங்கள் அணிக்குத் தெரியாமல்.

அண்ணே, ஆம்பூர் மாஸ்டர் கடையில் நீங்கள் சாப்பிட்டிருப்பது பார்த்தாலே தெரிகிறது. பேசியிருக்கிறீர்களா? நான் ஒரு மாஸ்டரிடம் பேசியிருக்கிறேன். சீரக சம்பா அரிசி, விறகடுப்பு, மூடி மேல் தணல். தம் உடைக்கிற நேரத்தில் போய், "மாஸ்டர், படிப்பு தேவையா?" என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமல், "இரு, கல்லாவுல கேளு" என்றார்.

கல்லாவில் யார்? அவர் மகள். பி.காம். இரண்டாம் ஆண்டு. முதல் வருடம் அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்: "அப்பா, ஒரு தேக்சா இறக்க இன்னா செலவு ஆவுது?" மாஸ்டர், "அதெல்லாம் கைவாக்கும்மா" என்றிருக்கிறார். "கைக்கு உப்பு தெரியும்ப்பா, கணக்கு தெரியுமா?" என்று கேட்டாள் பாருங்கள்!

ஒரு மாதம் நோட்டு போட்டாள். கறி, அரிசி, விறகு, பார்சல் டப்பா, ஆள் கூலி, ஒன்றையும் விடவில்லை. முழுப் பிரியாணி 200 ரூபாய், நாலு துண்டு. ஆஃப் 100 ரூபாய். அப்படியென்றால் எத்தனை துண்டு இருக்க வேண்டும்? ரெண்டு. மாஸ்டர் எத்தனை வைத்தார்? மூணு! ஏன்? ஆஃப் வாங்குகிறவன் காலேஜ் பையன், பாவமாம். அரிசியும் அப்படித்தான், பாதிக்கு மேலே அள்ளி வைப்பார். ஆக, ஒவ்வொரு ஆஃபுக்கும் கையிலிருந்து காசு போகிறது.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? மறுபடி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். "ஆஃப்! ஆஃப்! ஆஃப்!" மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். ஆஃப் விற்க விற்க நஷ்டம். கூட்டம் கூடக் கூட நஷ்டம். உள்ளே அப்பா சிரிக்கிறார், கல்லாவில் மகள் தலையில் கை வைத்திருக்கிறாள்!

"துண்டைக் குறைங்கப்பா" என்றாள். மாஸ்டருக்கு மனசு வரவில்லை. அப்புறம் ஆஃப் விலையை 140 ஆக்கினார்கள். கடை நஷ்டத்திலிருந்து தப்பித்தது. அண்ணே, நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட்ட ஆள் எங்கள் அணியில் உட்கார்ந்திருக்கிறார்!

ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய பி.காம். வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வருகைப் பதிவுக்கு வந்தவர்கள். இந்தப் பெண் மட்டும் கறிக்கடைச் சீட்டுகளோடு பேராசிரியை மேசைக்கு முன்னால் போய் நின்று, "மேடம், இதை அடக்கவிலைக் கணக்கில் எங்கே எழுதுவது?" என்று கேட்டாள். கட்டணம் எல்லாரும்தான் கட்டினார்கள். கேட்டவளுக்குக் கிடைத்தது.

பைக்கில் போகிற பி.இ. தம்பிக்கு என்ன பதில் என்று அண்ணன் கையைக் காட்டுகிறார். நேரமில்லை அண்ணே, மணி அடித்துவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்றது வீடு, பெண் மருத்துவர் இல்லை. அதைப் பார்த்த மிஷனரி வீட்டுப் பெண் ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1918இல் இதே வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த மூன்று பேரிடம் போய்ப் படிப்பு சுமை என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா அண்ணே?

முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. மற்ற சான்றிதழெல்லாம் நம்மிடம் இருப்பதைச் சொல்லும். இது ஒன்றுதான் நம் வீட்டில் இதுவரை இல்லாததைச் சொல்லும். குடியாத்தத்தில் எங்கள் அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர். அக்கா கலந்தாய்வில் பொறியியல் சேர்ந்தபோது அந்தச் சான்றிதழால் கல்விக் கட்டணம் குறைந்தது. நாலு வருடம் கழித்து நான் போய் நின்றேன். "தர முடியாது, உங்க வீட்டுலதான் பட்டதாரி இருக்காங்களே" என்றார்கள்.

எனக்கு அழுகை. சலுகை போச்சே! அம்மா என்ன செய்தார் தெரியுமா? தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "என் பையனுக்குத் தரமாட்டாங்களாம். எங்க வீட்டுல பட்டதாரி கீதாம்!"

சலுகை இல்லாத அந்தக் கட்டணத்தை முழுசாகக் கட்டியது அக்கா, தன் சம்பளத்தில்.

இதோ மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, அந்த அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சுமை என்று தீர்ப்புச் சொல்வதாக இருந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.