கண்ணை மூடினான், காதை மூட மறந்தான்

ஒரு வெட்டுக்குத்து வீடியோ வாட்ஸ்அப்பில் வருகிறது. பார்க்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள். அதற்குள் விரல் அழுத்திவிட்டது. இதே சங்கதி 1,600 வருஷத்துக்கு முன்னால் ரோமில் ஒருவனுக்கு நடந்தது.

அவன் பெயர் அலிப்பியுஸ். சட்டம் படிக்க வட ஆப்பிரிக்காவிலிருந்து போனவன், பின்னாளில் கிறிஸ்தவத்தின் பெரிய சிந்தனையாளரான அகஸ்டினின் உயிர் நண்பன். கதையை எழுதி வைத்ததும் அகஸ்டின்தான். சரி, நேராக அரங்குக்குப் போவோம்.

மனிதனும் மனிதனும் வாளோடு மோதிச் சாவதுதான் அங்கே விளையாட்டு. அலிப்பியுஸுக்கு அது அறவே பிடிக்காது. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டாளிகள் அவனை வழியில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். உடம்பைத்தானே இழுக்க முடியும், அங்கே இருந்தும் இல்லாதவனாக இருப்பேன் என்கிறான். உட்கார்ந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறான்.

களத்தில் ஒருவன் விழுகிறான். கூட்டம் ஓவென்று அலறுகிறது. என்னதான் ஆச்சு, பார்த்து வெறுத்துவிட்டுப் போவோம் என்று கண்ணைத் திறக்கிறான். அவ்வளவுதான். இரத்தத்தைக் கண்ணாலேயே குடிக்கிறான். தானும் கத்துகிறான். அப்புறம் மற்றவர்களை அங்கே இழுத்துக்கொண்டு போகிறவனாகவே ஆகிவிடுகிறான்! விழுந்தவனுக்கு உடம்பில் பட்ட காயத்தைவிட இவன் ஆத்துமாவில் பட்டது பெரியது என்கிறார் அகஸ்டின். காதையும் பொத்தியிருக்கக் கூடாதா என்று அவர் ஆதங்கப்படும் இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசே வருவதில்லை.

கிறிஸ்தவம் பாவம் என்று சொல்வது இதைத்தான். கத்தி எடுத்தவன் வேறு பிறவி, நாம் வேறு பிறவி என்ற கோட்டை அது போடுவதே இல்லை. "எல்லாரும் பாவஞ்செய்து" என்று ஆதிக் கிறிஸ்தவப் போதகர் பவுல் நிருபம் (கடிதம்) எழுதியதும் இதே ரோமுக்குத்தான், பைபிளில் ரோமர் 3:23.

சட்டம் போட்டால் தீராதா? 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்டுப் பார்த்தார். 380-இல் கிறிஸ்தவமே பேரரசின் மதமானது. அரங்கு மூடவில்லை, ஞானஸ்நானம் எடுத்தவர்களும் போய் உட்கார்ந்தார்கள்.

ஹொனோரியுஸ் பேரரசர் காலத்தில் கிழக்கிலிருந்து வந்த டெலிமாக்கஸ் என்ற துறவி, களத்தில் இறங்கிச் சண்டையை நிறுத்தப் பார்த்தார். கூட்டம் அவரைக் கல்லெறிந்தே கொன்றது என்று பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடொரெட் எழுதுகிறார். கொன்றது வாள் பிடித்தவர்கள் கிடையாது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அதற்கு அப்புறம்தான் பேரரசர் தடை போட்டார்.

அலிப்பியுஸ் மீண்டுவிட்டான், ஆனால் ரொம்ப நாள் கழித்து. 387-இல் அகஸ்டினோடு ஞானஸ்நானம் எடுத்து, பிறகு தங்கள் சொந்த ஊருக்கே பிஷப் ஆனான்.

நீங்கள் யாருக்கும் அனுப்பாமல் அழித்த வீடியோ ஏதாவது உண்டா? ஏன் அழித்தீர்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள். அந்த வீடியோவை மட்டும் விவரிக்க வேண்டாம்.