துறைமுக நகரில் ஒரு சனி, ஞாயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

கடலோரத்துப் பழைய நகரம் ஒன்றுக்கு இரண்டு நாள் போய்வரலாம் என்று நினைப்பவர்களோடு இன்று பேச வந்திருக்கிறேன். இப்படி ஒரு பயணம் என்றதும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத்தான் முதலில் தேடுகிறோம். கோட்டை, கலங்கரை விளக்கம், தேவாலயம், அருங்காட்சியகம் என்று அது நீண்டுகொண்டே போகும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தக் கரையில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணையை முதலில் எடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிரான்சின் வடமேற்கில் சான் மாலோ என்று ஒரு ஊர். மதிலுக்குள் அடங்கிய பழைய துறைமுகம். மதிலுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் ஒரு பாறைத் தீவு. அங்கே ஓர் எழுத்தாளரின் கல்லறை இருக்கிறது. கடல் வற்றினால் நடந்தே போய்விடலாம். நான் ஒரு சனிக்கிழமை மதியம் போய் நின்றபோது எதிரே தண்ணீர்தான் இருந்தது, பாதையைக் காணவில்லை. அந்தக் கரையில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 12 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். நாலு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. அட்டவணையை ஒரு தடவை பார்த்திருந்தால் காலையிலேயே தீவுக்குப் போயிருப்பேன், மதிலை மதியத்துக்கு வைத்திருப்பேன்.

மறுநாள் அதிகாலையில் போனேன். ஈரக்கல் பாதையில் பச்சைப் பாசி வழுக்கியது. முன்னால் போனவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்தார்கள். மேலே கடலைப் பார்த்தபடி ஒரு கல் சிலுவை, அதன் கீழே ஒரு பலகைக்கல். பெயர் எங்கும் செதுக்கவில்லை. கடலும் காற்றும் மட்டும் கேட்கும்படி இங்கே உறங்க விரும்பினார் என்று பக்கத்துச் சுவரில் ஒரு வாசகம் இருக்கிறது. அங்கிருந்து இறங்க எனக்கு மனமே வரவில்லை. ஆனால் கடல் மறுபடி ஏறுமே. பாதை மூழ்கிவிட்டால் அடுத்த வற்றம் வரைக்கும், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம், தீவிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டுத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் சனிக்கிழமை நேரம் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை நேரமும் உத்தேசமாகத் தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிது, அஷ்டமியை ஒட்டிச் சிறிது. வெறும் பாறையும் மணலும் வெகுதூரம் வெளியே தெரிய வேண்டுமென்றால் பௌர்ணமியை ஒட்டிய வாரக் கடைசியாகப் பார்த்துப் போங்கள்.

எல்லாக் கடலும் இப்படியல்ல. மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஓதம் ஒரு சாண், இரண்டு சாண்தான். அங்கே காற்றையும் மாதத்தையும் கவனிக்க வேண்டும். வெனிஸில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தென்கிழக்குக் காற்று கடலைக் காயலுக்குள் தள்ளும். 2019 நவம்பர் 12 அன்று தண்ணீர் 187 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி நகரையே மூழ்கடித்தது. 2020 அக்டோபரிலிருந்து காயலின் வாய்களில் தடுப்புக் கதவுகளை எழுப்பிக் காக்கிறார்கள்.

இலங்கையின் தென்மேற்கு முனையில் உள்ள காலிக்குப் போவதென்றால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், டிசம்பர் முதல் மார்ச் வரை அமைதி. அந்தக் காற்றுக்கும் காலியின் தலையெழுத்துக்கும் தொடர்பு உண்டு. காலித் துறைமுகத்தின் வாயில் பாறைகள், பருவக்காற்றில் கப்பலுக்கு ஆபத்து. 1875-இல் கொழும்பில் அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது எழுந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி பின்தங்கியது. பின்தங்கியதால்தான் கோட்டையும் தெருக்களும் இடிபடாமல் மிஞ்சின என்று நான் நினைக்கிறேன். வியாபாரம் தொடர்ந்திருந்தால் பண்டகசாலைகளை இடித்துப் பெரிதாகக் கட்டியிருப்பார்கள். எந்தப் பழைய துறைமுகத்துக்குப் போனாலும், கப்பல்கள் ஏன் வந்தன, ஏன் நின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு போங்கள். தெருவே வேறு மாதிரி தெரியும்.

தங்குமிடத்தை மதிலுக்கு உள்ளே பாருங்கள். அறை சின்னதாக இருக்கலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருக்கலாம். குரோஷியாவின் துப்ரோவ்னிக் பழைய நகருக்குள் கார் போகாது. பரவாயில்லை, பெட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பகலில் உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்கும் கூட்டம் சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் தன் குரலில் பேசும். ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குப் பேச்சு கேட்கும், பையன்கள் கல் முற்றத்தில் பந்து உதைப்பார்கள். எந்த நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்பதைப் பல துறைமுகங்கள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. கப்பல் குறைந்த நாளாகத் தேர்ந்தெடுங்கள். மதில்மேல் நடையை விடியற்காலைக்கோ வெயில் தாழ்ந்த பிறகோ வையுங்கள். துப்ரோவ்னிக் மதில் சுமார் இரண்டு கிலோமீட்டர், உச்சி வெயிலில் அதில் நிழலே கிடையாது.

இரண்டு நாளில் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். ஒரே ஊரில் ஒரே இடத்தை இரண்டு தடவை பாருங்கள். காலிக் கோட்டையின் பழைய வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும்போது வளைவுக்கு மேலே பிரித்தானிய அரச சின்னம். உள்ளே நுழைந்து திரும்பி நின்றால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், நடுவில் எழுத்துக்கோவை, இருபுறம் சிங்கம், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்ற ஆண்டு. அவசரமாக நுழைந்து போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வாசல் ஒன்றுதான், ஆண்டவர்கள் இரண்டு பேர்.

அதே காலியில் 1911-இல் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த கல்லைப் புரட்டினார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு அது, ஆண்டு 1409. மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி விஷ்ணுவின் வடிவமான தேனாவரை நாயனாரை, பாரசீகப் பகுதி இஸ்லாத்தை. மூவருக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கை. சீனாவிலேயே தமிழில் வெட்டி, கப்பலில் ஏற்றி, இந்தக் கரையில் இறக்கியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். துறைமுகம் என்றால் என்னவென்று அந்த ஒரு கல் சொல்லிவிடும்.

கல் இப்போது காலியில் இல்லை, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வழியாகத் திரும்புகிறவர்கள் அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அறுநூறு வருஷத் தேய்மானம், நேரே நின்று பார்த்தால் எழுத்து எளிதில் பிடிபடாது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் குனிந்து பாருங்கள்.

நன்றி. வணக்கம்.